ரொபர்ட் நொக்ஸ்

ரொபர்ட் நொக்ஸ் (1641 பெப்ரவரி 8 – 1720 சூன் 19) என்பவர் ஆங்கிலேயக் கடலோடியும் நூலாசிரியரும் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலொன்றில் பணியாற்றிய இவர், 1660 ஆம் ஆண்டில் திருகோணமலைக்குத் தெற்கே உள்ள கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் படையினரால் பிடிக்கப்பட்டு, 19 ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையின் உள்நாட்டில் சிறைவாசியாக வாழ்ந்தார். தப்பிச் சென்ற பின் 1681 இல் இவர் வெளியிட்ட நூல், 17 ஆம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தைப் பற்றி அறிய உதவும் முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது.

இவரது நீண்ட சிறைவாசத்துக்குத் தொடக்கமாக அமைந்தது ஒரு புயலாகும். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு எதிரே நங்கூரத்தில் நின்ற இவரது கப்பல், தன் பெரிய பாய்மரத்தை இழந்தே அழிவிலிருந்து தப்பியது. இழந்த பாய்மரத்துக்கு ஈடாக வேறொன்றை நிறுத்துவதற்காகவே அக்கப்பல் கொட்டியாரத்துக்குச் செல்ல நேர்ந்தது. இக்கட்டுரையில் வரும் நாட்கள் அக்கால ஆங்கிலேயர் பின்பற்றிய பழைய நாட்காட்டியின்படி தரப்பட்டுள்ளன. அவை இன்றைய நாட்காட்டிக்குப் பத்து நாட்கள் பிந்தியவை.

பிறப்பும் இளமையும்

நொக்ஸ் இலண்டன் நகரின் டவர் ஹில் பகுதியில் பிறந்தார். இவருடைய தந்தையின் பெயரும் ரொபர்ட் நொக்ஸ் என்பதே. அவர் ஒரு கப்பல் தலைவர். மகனின் இளமைக் காலத்தின் பெரும் பகுதி இங்கிலாந்தின் சபோக் பகுதியில் கழிந்தது. 1655 இல், தமது 14 ஆவது வயதில், தந்தையின் கப்பலில் இந்தியாவுக்கு முதற்பயணம் மேற்கொண்டு, 1657 இல் நாடு திரும்பினார்.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஆட்சியாளராக இருந்த ஒலிவர் குரோம்வெல், கீழைநாட்டு வணிகத்தின் தனியுரிமையைக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு வழங்கினார். இதனால் மூத்த நொக்ஸ் தமது கப்பலுடன் கம்பனியின் பணியில் சேர வேண்டியதாயிற்று. ஆன் என்னும் பெயர் கொண்ட அக்கப்பல் 230 தொன் கொள்ளளவு உடையது. 1658 சனவரி 21 ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கப்பல், சென்னையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டையை நோக்கிப் பயணித்தது. ஓராண்டுக் காலம் கீழைக்கடல் துறைமுகங்களுக்கிடையே வணிகம் செய்த பின், நாடு திரும்புவதற்காகச் சரக்கு ஏற்றும் பணி தொடங்கியது.

சோழமண்டலக் கரையும் நங்கூரத் துறைகளும்

அக்காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையில், பெரிய கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கத்தக்க துறைமுகங்கள் இல்லை எனலாம். சென்னை, பரங்கிப்பேட்டை, மசூலிப்பட்டினம் முதலிய இடங்களுக்கு வந்த கப்பல்கள் யாவும் கரையிலிருந்து தொலைவில், திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. சரக்குகளும் பயணிகளும் படகுகள் மூலமே கரை சேர்க்கப்பட்டனர். சென்னையில், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகள் இதற்குப் பயன்பட்டன.

இந்த ஏற்பாடு ஆண்டின் பெரும்பகுதியில் போதுமானதாக இருந்தது. ஆனால் அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், வங்காள விரிகுடாவில் உருவாகும் புயல்கள் இக்கரையைத் தாக்கின. காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும்போது, நங்கூரம் பெயர்ந்தாலோ வடம் அறுந்தாலோ கப்பல் நேராகக் கரையில் மோதும். அத்தகைய வேளையில் கப்பல் தலைவருக்கு இருந்த வழிகள் சிலவே.

முதலாவது, வடத்தை மேலும் நீளமாக விடுவது. வடம் நீளும்போது நங்கூரத்தின் மீதான இழுவை மேல்நோக்கி அமையாமல் கடலடிக்கு இணையாக அமையும். அதனால் நங்கூரத்தின் கொக்கி மணலில் ஆழப் பதியும். இரண்டாவது, கையிருப்பிலுள்ள மற்ற நங்கூரங்களையும் இறக்குவது. மூன்றாவது, காற்றின் பிடியைக் குறைக்கும் பொருட்டுப் பாய் கட்டும் குறுக்குத் தடிகளையும் மேல்மரங்களையும் இறக்கி வைப்பது. இவை போதாவிடின், வடத்தை வெட்டிவிட்டுக் கடலுக்குள் ஓட முயல வேண்டும், அல்லது பாய்மரத்தையே வெட்டிச் சாய்க்க வேண்டும். பாய் விரிக்கப்படாத நிலையிலும், பாய்மரமும் அதைத் தாங்கும் கயிறுகளும் காற்றை வாங்கி, அந்த விசை முழுவதையும் வடத்தின் மீது ஏற்றுகின்றன. பாய்மரம் போய்விட்டால் வடம் தாங்கும். ஆனால் அதன் பின் கப்பல் பயணம் செய்ய இயலாது.

இத்தகைய பேரிழப்புகள் இக்கரையில் பிற்காலத்திலும் தொடர்ந்தன. 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுக் கப்பற்படை ஒரே புயலில் சிதைந்தது. 1749 ஏப்ரலில் கடலூருக்கு அருகே ஆங்கிலேயப் போர்க்கப்பலான நமூர் 500 பேருக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. 1761 சனவரி முதல் நாளில், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் பல புயலில் அழிந்தன.

1659 ஆம் ஆண்டுப் புயல்

1659 நவம்பர் 19 ஆம் நாள், ஆன் கப்பல் மசூலிப்பட்டினத் துறையில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது கடும் புயல் வீசியது. அங்கு நின்ற கப்பல்கள் பல அழிந்தன. மூத்த நொக்ஸ் தமது கப்பலின் பெரிய பாய்மரத்தை அடியோடு வெட்டும்படி ஆணையிட்டார். கப்பலும் அதிலிருந்தோரும் காப்பாற்றப்பட்டனர்.

ஆயினும், பெரிய பாய்மரம் இல்லாத கப்பலால் இங்கிலாந்துக்குச் செல்ல முடியாது. புதிய பாய்மரம் ஒன்றைச் செய்து நிறுத்துவதற்கு நல்ல மரமும் அலையற்ற நீரும் தேவை. கிழக்குக் கரையின் திறந்த துறைகளில் இவ்வேலையைச் செய்வது கடினம். எனவே புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பனியின் முகவராக இருந்த தாமஸ் சேம்பர்ஸ், கப்பலைக் கொட்டியாரத்துக்கு அனுப்ப முடிவு செய்தார். பாய்மரம் நிறுத்தப்படும் காலம் வீணாகாதிருக்கத் துணிச்சரக்குகளையும் உடன் ஏற்றிச் சென்று அங்கே விற்குமாறும் பணித்தார். கப்பல் பரங்கிப்பேட்டையில் துணிகளையும் அவ்வூர் வணிகர் சிலரையும் ஏற்றிக்கொண்டு இலங்கை நோக்கிச் சென்றது. கம்பனியின் வணிகப் பொறுப்பாளராக ஜோன் லவ்லண்ட் என்பவரும் உடன் சென்றார்.

கொட்டியாரக் குடாவில்

கொட்டியாரக் குடா திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துத் தெற்கே அமைந்துள்ளது. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி இக்குடாவிலேயே கடலுடன் கலக்கிறது. குடாவின் தென்கரையில் மூதூர் உள்ளது. கரையோரம் காடுகள் செறிந்திருந்ததால் மரத்துக்குக் குறைவில்லை. பழுதுற்ற கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அப்பகுதியில் இல்லை.

ஆனால் இப்பகுதி அக்காலத்தில் கண்டி அரசனான இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தரின் உதவியை நாடிய இம்மன்னன், பின்னர் ஒல்லாந்தரே கரையோரங்களைத் தம்வசம் வைத்துக்கொண்டதால் ஐரோப்பியர் அனைவர் மீதும் ஐயம் கொண்டிருந்தான். தனது கரையில் அந்நியக் கப்பலொன்று தூதோ கடிதமோ அனுப்பாமல் நிலைகொண்டிருப்பதை அவன் பொருட்படுத்தாமல் விடவில்லை. திசாவை ஒருவரின் தலைமையில் படையொன்று கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது.

கப்பலில் இருந்தோர் தொடக்கத்தில் எச்சரிக்கையுடன் இருந்தபோதும், ஊர் மக்கள் நட்புடன் பழகியதால் நாளடைவில் அச்சம் நீங்கினர். திசாவை வந்திருப்பதை அறிந்த கப்பல் தலைவர், அவரைச் சந்திக்கத் தம் மகனையும் லவ்லண்டையும் அனுப்பினார். அவர்களைத் தம்முடன் நிறுத்திக்கொண்ட திசாவை, கப்பல் தலைவருக்கு மாடுகளையும் பழங்களையும் பரிசாக அனுப்பினார். இதனால் ஐயமின்றிக் கரைக்கு வந்த மூத்த நொக்ஸ், கடலோரத்தில் ஒரு புளியமரத்தின் அடியில் அமர்ந்திருந்தபோது தம்முடன் இருந்தோருடன் பிடிக்கப்பட்டார். பாய்மர வேலைக்கான மரம் வெட்டப் படகில் சென்றிருந்தோரும் பிடிபட்டனர். 1660 ஏப்ரலில் நிகழ்ந்த இந்நிகழ்வில் சிறைப்பட்டோர் மொத்தம் 16 பேர்.

கப்பல் தப்பியமை

ஆட்களைப் பிடித்த திசாவை கப்பலையும் கைப்பற்ற விரும்பினார். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவருமாறு ஆணையிடும்படி மூத்த நொக்ஸ் வற்புறுத்தப்பட்டார். தம் மகன் நேரில் சென்று சொன்னாலன்றிக் கப்பலில் உள்ளோர் கேட்கமாட்டார்கள் என்று கூறி, அவர் மகனைக் கப்பலுக்கு அனுப்ப இசைவு பெற்றார். ஆனால் மகனிடம் அவர் இரகசியமாகக் கூறியது வேறு. கப்பலைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும், எவரையும் அருகில் நெருங்க விடக்கூடாது என்பது ஒன்று. தம்மை இந்நிலையில் கைவிடாமல் திரும்பி வரவேண்டும் என்பது மற்றொன்று.

இளைய நொக்ஸுக்கு அப்போது வயது 19. கப்பலை அடைந்த அவர், தந்தையின் சொற்படி மாலுமிகளை எச்சரித்தார். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரும் கட்டளைக்குத் தாங்கள் பணியப் போவதில்லை என்று அவர்கள் கப்பல் தலைவருக்குக் கடிதம் எழுதித் தந்தனர். அக்கடிதத்துடன் நொக்ஸ் மீண்டும் கரைக்குச் சென்றார். அவர் கப்பலிலேயே தங்கியிருந்தால் தடுப்பார் எவருமில்லை. எனினும் தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காத்தார். சில காலம் காத்திருந்த ஆன் கப்பல், சிறைப்பட்டோரை மீட்க வழியின்றி, அவர்களை விட்டுவிட்டுக் குடாவை நீங்கியது. மசூலிப்பட்டினத்தில் பாய்மரத்தைக் கொடுத்துக் காப்பாற்றப்பட்ட கப்பல், கொட்டியாரத்தில் தன் தலைவரையும் அவர் மகனையும் இழந்து இரண்டாம் முறையாகக் காப்பாற்றப்பட்டது.

கண்டி இராச்சியத்தில் வாழ்க்கை

சிறைப்பட்டோர் உள்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு, வெவ்வேறு ஊர்களில் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு அந்தந்த ஊராரிடம் விடப்பட்டது. அவர்கள் விலங்கிடப்படவில்லை. ஆனால் நாட்டை விட்டு வெளியேற இசைவில்லை. மாலைதீவில் உடைந்த பேர்சியா மேர்ச்சன்ட் என்னும் மற்றோர் ஆங்கிலக் கப்பலிலிருந்து தப்பி இலங்கையை அடைந்த 13 பேரும் ஏற்கெனவே அங்குச் சிறைப்பட்டிருந்தனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும், பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரரும் இவ்வாறே கண்டியில் வைக்கப்பட்டிருந்தனர்.

தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டனர். இருவரையும் மலேரியாக் காய்ச்சல் தாக்கியது. நீண்ட நாள் நோயுற்றிருந்த தந்தை 1661 பெப்ரவரி 9 ஆம் நாள் இறந்தார். அப்போது மகனும் நோயால் மெலிந்திருந்தார். பரங்கிப்பேட்டையிலிருந்து தந்தையின் பணியாளாகக் கொண்டுவரப்பட்ட சிறுவன் ஒருவனே உடனிருந்தான். அவனுடைய துணையுடன் நொக்ஸ் தந்தையைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். இச்சிறுவனும் தன் விருப்பமின்றியே அங்கு வந்து சேர்ந்தவன் என்பதும், அவனுக்குப் பின்னர் நேர்ந்தது பற்றி வரலாற்றில் இடமில்லை என்பதும் குறிப்பிடத்தக்கன.

தனித்து விடப்பட்ட நொக்ஸ் சிங்கள மொழியைக் கற்றுக்கொண்டார். தொப்பி பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து அறுவடையின்போது வட்டியுடன் பெற்றார். முதியவர் ஒருவரிடமிருந்த ஆங்கில விவிலிய நூலைப் பின்னல் தொப்பியொன்றுக்கு ஈடாகப் பெற்ற நிகழ்வு இவரது வரலாற்றில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவதாகும். பின்னர் எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார். தோழர் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து குடும்பமாக வாழ்ந்தனர். நொக்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவ்வாறு செய்தால் தப்பிச் செல்லும் எண்ணம் தளர்ந்துவிடும் என அவர் கருதினார்.

தப்பிச் செல்லல்

நொக்ஸும் அவரது தோழர் ஸ்டீபன் ரட்லண்டும் சிறு வணிகர்களாக வடக்கு நோக்கிப் பலமுறை சென்று வழிகளை அறிந்தனர். இப்பயணங்களில் கெட்ட நீரைக் குடித்ததால் ஏற்பட்ட நோய்க்கு, அவர்கள் கஞ்சா இலையை மருந்தாகப் பயன்படுத்தினர்.

1679 செப்தெம்பரில் இருவரும் இறுதியாகப் புறப்பட்டனர். அனுராதபுரத்தை அடைந்தபோது அங்கு வாழ்ந்தோர் தமிழ் பேசுவோராக இருந்தனர். இவர்களின் சிங்களம் அம்மக்களுக்குப் புரியவில்லை. அங்கிருந்து மல்வத்து ஓயா ஆற்றின் கரையைப் பின்பற்றிக் காட்டு வழியாக நடந்தனர். ஆறு கடலை நோக்கியே செல்லும் என்பதால் வழி தவறும் அச்சம் இருக்கவில்லை. யானைகளுக்கும் காவலர்களுக்கும் அஞ்சி மறைந்து சென்ற இவர்களை, வழியில் சந்தித்த தமிழ் அந்தணர் இருவர் காட்டிக்கொடுக்கவில்லை. 1679 அக்டோபர் 18 ஆம் நாள், மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்னும் இடத்தில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை இருவரும் அடைந்தனர். ஒல்லாந்தர் அவர்களை நன்கு நடத்தி, மன்னார், கொழும்பு வழியாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அழைத்துச் சென்றனர். அங்கிருந்து பாண்டம் சென்ற நொக்ஸ், சீசர் என்னும் ஆங்கிலக் கப்பலில் ஏறி 1680 செப்தெம்பரில் இலண்டனை அடைந்தார்.

நூல்

நாடு திரும்பும் கடற்பயணத்தின்போதே நொக்ஸ் தமது பட்டறிவை எழுதத் தொடங்கியிருந்தார். உறவினரான ஜோன் ஸ்டிரைப் அதைச் செப்பனிட உதவினார். அறிவியலாளர் ரொபர்ட் ஹூக் முன்னுரை எழுதினார். 1681 இல் வெளியான அந்நூல் நான்கு பகுதிகளைக் கொண்டது. நாட்டின் இயற்கை, அரசனும் ஆட்சிமுறையும், மக்களின் வாழ்க்கை, ஆசிரியரின் சிறைவாசம் என்பன அவை. இது 1689 இல் செருமன் மொழியிலும், 1692 இல் ஒல்லாந்த மொழியிலும், 1693 இல் பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்தது.

எழுத்தாளர் டானியல் டீபோ இந்நூலை நன்கு அறிந்திருந்தார். 1720 இல் வெளியான தமது புதினமொன்றில் நொக்ஸின் வரலாற்றை அவர் சுருக்கித் தந்துள்ளார். 1719 இல் வெளியான ராபின்சன் குரூசோ உருவாவதற்கும் நொக்ஸின் வரலாறு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நொக்ஸ் கொண்டுவந்த கஞ்சாவைப் பற்றி ஹூக் 1689 இல் இலண்டன் அரச கழகத்தில் உரையாற்றினார்.

பிற்காலக் கடற்பயணங்கள்

கிழக்கிந்தியக் கம்பனி நொக்ஸை டோன்குவின் மேர்ச்சன்ட் என்னும் கப்பலின் தலைவராக நியமித்தது. முதற்பயணத்தில் இன்றைய வியட்நாமின் வடபகுதியான தொங்கினுக்குச் சென்று திரும்பினார். 1684 இல் தொடங்கிய அடுத்த பயணத்தில், மடகாசுக்கரில் அடிமைகளை வாங்கி அத்திலாந்திக் பெருங்கடலில் உள்ள செயிண்ட் ஹெலனா தீவுக்குக் கொண்டு செல்லும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதனை ஏற்று நிறைவேற்றினார். தம் விருப்பமின்றி 19 ஆண்டுகள் அந்நிய நாட்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஒருவர் இத்தொழிலில் ஈடுபட்டமை, அவரது வாழ்க்கையில் எளிதில் கடந்துசெல்ல முடியாத முரண்பாடாகும்.

செயிண்ட் ஹெலனாவில் நொக்ஸ் கரையில் இருந்த வேளையில், மாலுமிகள் அவரை விட்டுவிட்டுக் கப்பலைக் கொண்டு சென்றுவிட்டனர். உடுத்திருந்த உடையன்றி வேறு பெரிதாக ஒன்றுமில்லாத நிலையில் அவர் வேறு கப்பலில் நாடு திரும்ப நேரிட்டது. 25 ஆண்டுகளுக்கு முன் கொட்டியாரத்தில் தந்தைக்கு நேர்ந்ததைப் போலவே, கப்பல் தலைவர் கரையிலும் கப்பல் கடலிலும் பிரிக்கப்பட்டனர். ஆனால் இம்முறை கப்பலைப் பிரித்துச் சென்றவர்கள் அவருடைய ஆட்களே.

மேலும் சில பயணங்களுக்குப் பின், 1694 இல் கம்பனியிலிருந்து அவர் விலகினார். 1698 இல் மேரி என்னும் தனியார் வணிகக் கப்பலின் தலைவராக மீண்டும் இந்தியாவுக்குச் சென்றார். 1701 இல் திரும்பிய பின் கடற்பயணத்தை முற்றாகக் கைவிட்டார்.

மறைவும் நினைவும்

நொக்ஸ் 1720 சூன் 19 ஆம் நாள் காலமானார். அவரது உடல் விம்பிள்டனில் அடக்கம் செய்யப்பட்டது. தம் நூலை விரிவாக்கி மறுபதிப்புச் செய்ய அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் தன்வரலாறும் அவர் காலத்தில் அச்சேறவில்லை. தன்வரலாறு 1911 ஆம் ஆண்டிலேயே நூலுடன் சேர்த்து வெளியிடப்பட்டது.

மூதூரில் அவரது தந்தையும் தோழர்களும் பிடிக்கப்பட்டதாகக் கருதப்படும் புளியமரத்தின் அடியில் 1893 இல் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. அம்மரம் வெள்ளைக்காரன் மரம் என அறியப்பட்டது. கண்டி இராச்சியத்தின் நிலவுடைமை, சாதி முறை, உழவு, உணவு, சடங்குகள் ஆகியவை குறித்து ஆராய்வோர் நொக்ஸின் நூலை இன்றும் பயன்படுத்துகின்றனர். அரசவையைச் சேர்ந்தவராகவோ சமயப் பரப்புநராகவோ அன்றி, ஊர் மக்களுள் ஒருவராக நெல் விதைத்தும் விற்றும் வாழ்ந்தவரின் பதிவு என்பதே அதன் தனிச்சிறப்பாகும்.